மறந்தோமா, மறைத்தோமா?

ஒரு பெயர்ப்பலகை நம்மைப் பொய்யராக்கிய கதையை முதலில் சொல்லிவிடுவோம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆசிரியப்பணி நமக்கு. பாட்டி வைத்தியம் பற்றிய பாடம் ஒன்று வந்தது. பாடத்தை ஏட்டோடு விட்டுவிடுவானேன் என்று எண்ணி, பிள்ளைகளைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அழைத்துச் சென்றோம். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பலகையைப் படித்த சிறுவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, இந்தப் பண்டிதர் யார்? இந்த ஊர்க்காரரா?”

சித்த மருத்துவர், பௌத்தர், ஏடு நடத்தியவர் என்ற அளவில் நமக்கு விடை தெரியும். இந்த ஊர்க்காரரா என்பது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், ஆசிரியர் என்ற ஆணவம் ஒன்று இருக்கிறதே! நாற்பது கண்கள் நம் வாயையே நோக்கிக் கொண்டிருக்க, “இந்தப் பக்கத்தில்தான் வைத்தியம் பார்த்திருப்பார்” என்று நா உரைத்துவிட்டது.

எட்டு நாட்கள் சென்றன. கட்டுரை ஏடுகள் வந்தன. “அயோத்திதாசப் பண்டிதர் தாம்பரத்தில் வாழ்ந்தார்” என்றது ஓர் ஏடு. “தாம்பரத்து ஏழைகளின் நோயைத் தீர்த்தார்” என்றது மற்றொன்று. மூன்றாவது ஏட்டில், அவர் அமர்ந்து வைத்தியம் பார்த்த ஆலமரமே முளைத்துவிட்டது! 'பார்த்திருப்பார்' என்பது 'பார்த்தார்' ஆயிற்று. பார்த்தார் என்பதற்கு ஓர் இடம் வேண்டியதாயிற்று. இடத்துக்கு ஒரு மரம் வளர்ந்தது. எட்டே நாளில் ஒரு தலபுராணம்! அடுத்த தலைமுறை அந்த மரத்துக்கு மஞ்சள் துணி கட்டாது என்பதற்கு என்ன உறுதி?

புராணங்களைப் பொய்யென்று மேடையில் முழங்குகிறோம். புராணம் எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றுதான் நம் வகுப்பறையிலேயே கண்டோம். அதைப் பெற்றெடுத்தவர் புரோகிதர் அல்லர். நாமே!

வெட்கம் நம்மை நூலகத்துக்குத் துரத்திற்று. அங்கே கற்றதை இளைஞர்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம். கேள்வி இதுதான்: மறக்கப்பட்ட ஒரு மனிதருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? அதை எந்த நாணயத்தால் செலுத்த வேண்டும்?

முதலில் அவர் யார் என்று பார்ப்போம். 1845ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியராகிய அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டவர். பிறந்த ஊர் சென்னை என்று சில நூல்கள் சொல்லும். கோவைப் பகுதி என்று சில சொல்லும். 1885ஆம் ஆண்டளவில் ஜான் ரத்தினம் அவர்களோடு சேர்ந்து 'திராவிடப் பாண்டியன்' என்ற ஏட்டில் உழைத்தார். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி வேண்டும், அரசுப்பணி வேண்டும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றச் செய்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார ஏட்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5இல் மறையும் வரை அந்த ஏட்டை விடாது நடத்தினார்.

ஆண்டுகளைச் சற்று உற்று நோக்குங்கள். நீதிக்கட்சி தோன்றியது 1916. திராவிடர் கழகம் என்ற பெயர் சேலத்தில் ஒலித்தது 1944. திராவிடர் என்ற சொல்லை அமைப்பின் பெயராக்கி இவர் மாநாடு கூட்டியதோ 1891! அவர் பேனா பிடித்தது இராயப்பேட்டையில். தாம்பரத்து மருத்துவமனைக்கு அவர் பெயர் வந்ததோ அவர் மறைந்து தொண்ணூற்றோரு ஆண்டுகளுக்குப் பின். நாம் நட்ட ஆலமரம் வேரோடு சாய்ந்தது.

இத்தகைய ஒருவர் நெடுங்காலம் பாடநூலில் இல்லை, மேடைப்பேச்சில் அரிது, வரலாற்று நூல்களில் ஓரிரு வரி. மறந்தார்கள் என்று சொல்வது எளிது. மறதி என்றால் யாருடைய மறதி? கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. பண்டிதர் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோன 'தமிழன்' ஏட்டை 1926இல் அங்கிருந்துதான் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான் பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிற்று. பூமிக்கு அடியில் பொன் தோண்டிய கைகள், பூமிக்கு மேலே ஒரு பெருமகனின் எழுத்தைப் புதைய விடாமல் காத்தன. நைந்து, பழுப்பேறி, தொட்டால் உதிரும் இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் பேணி வைத்தனர். மறந்தவர்கள், படித்தவர்கள்! மறந்தவை, பல்கலைக்கழகங்கள்! பழைய மொழியில் சொன்னால், ஊர் மறந்தது, சேரி மறக்கவில்லை.

ஆகவே மறதி என்பது காலம் செய்யும் வேலை மட்டும் அன்று. யாருடைய நினைவு அச்சேறுகிறது, யாருடைய நினைவு அடுக்களைப் பேச்சோடு நின்றுவிடுகிறது என்பதைத் தீர்மானிப்பது சமூகம். அந்தச் சமூகத்தில் நாமும் இருக்கிறோம். நம் இயக்கமும் இருக்கிறது. திராவிடம் பேசிய நம் மேடைகளில் 1891ஆம் ஆண்டு எத்தனை முறை ஒலித்தது? பிறரைச் சுட்டும் விரலைச் சற்றே மடக்கிக்கொள்வது நல்லது.

இனி ஆவணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கும்பினி ஆட்சி தொட்டு நாளதுவரை அரசின் தாள்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. மறைந்த மனிதர் ஒருவரைத் தேடி அங்கே நுழைபவர் கற்கும் முதற்பாடம் இது: அங்கே மனிதர்கள் பெயர் வரிசையில் இல்லை. துறை, ஆண்டு, ஆணை எண், இவைதாம் வரிசை. வருவாய்த்துறை என்றால் வரி. நீதித்துறை என்றால் குற்றம். அரசுக்கு வரி செலுத்தியவனும், அரசிடம் மனுக் கொடுத்தவனும், அரசு ஐயுற்றவனும் அங்கே கிடைப்பார்கள். நாற்று நட்டவள் கிடைக்கமாட்டாள்.

நம் பகுதியையே சான்றாகக் காட்டலாம். ராஜகீழ்ப்பாக்கமும் தாம்பரமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1891இல் அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்ற ஆங்கிலேயர், செங்கற்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லை; குடியிருக்கும் மனைகூடத் தமதில்லை; மிராசுதாரர் வெளியேறு என்றால் வெளியேற வேண்டிய வாழ்வு என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அதன் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுவே. அந்த வரலாற்றில் ஆட்சியரின் பெயர் நிற்கிறது. ஆணையின் எண் நிற்கிறது. எவருடைய துயரம் அந்த அறிக்கைக்குப் பொருளாயிற்றோ, அவர்களோ பெயரின்றி ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். நம் ஏரிக்கரைகளில் உழைத்து மடிந்தவர்கள் அவர்களே அல்லவா?

ஆட்சியின் ஏடு அதிகாரத்தின் நிழல். நிழலைக் கொண்டு உருவத்தைக் கணிக்கலாம். நிழலையே உருவம் என்று கொள்ளலாகாது. ஆனால், அந்த நிழலும் சில வேளைகளில் எதிர்பாராத உதவி செய்யும். வெள்ளையர் அரசு, தாய்மொழி ஏடுகள் என்ன எழுதுகின்றன என்று அறிய, அவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அச்சிட்டு வைத்தது. கண்காணிக்கச் செய்த காரியம்! அழிந்துபோன பல தமிழ் ஏடுகளின் குரல், இன்று அந்தச் சுருக்கத்தில்தான் கேட்கிறது. காவலன் எழுதிய குறிப்பு, கைதிக்குச் சாட்சியாகிறது.

இத்தாலி நாட்டில் இதனினும் கொடிய எடுத்துக்காட்டு உண்டு. பிரியூலிப் பகுதியில் மெனோக்கியோ என்று அழைக்கப்பட்ட ஒரு மாவரைக்கும் தொழிலாளி இருந்தார். உலகத்தை ஆண்டவன் படைக்கவில்லை. பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல் உலகம் திரண்டது. அதில் புழுக்கள் தோன்றுவதுபோல் தேவதூதர்கள் தோன்றினார்கள் என்று துணிந்து பேசினார். மதவிசாரணை மன்றம் அவரை இருமுறை விசாரித்து, 1599இல் கொன்றது. அவர் குரலை அழிக்க நினைத்த மன்றம், அவர் சொன்னதை ஒரு சொல்விடாமல் எழுதி வைத்தது! அந்த ஏடுகளைக் கொண்டு கார்லோ கின்ஸ்பர்க் என்ற வரலாற்றாசிரியர் 1976இல் அந்தத் தொழிலாளியை உலகறியச் செய்தார். கொன்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொல்லப்பட்டவர் பேசுகிறார்.

அயோத்திதாசர் அப்படிப் பகைவரின் ஏட்டை நம்பிக் கிடக்கவில்லை. தாமே ஏடு நடத்தினார். அதுதான் அவர் செய்த பெரும் புரட்சி என்று நாம் கருதுகிறோம். பிறர் எழுதும் அறிக்கையில் பெயரற்ற கூட்டமாக நின்ற மக்கள், வாரந்தோறும் ஒரு பைசாவுக்குத் தம் வரலாற்றைத் தாமே எழுதினார்கள், ஊர்ப்பெயரோடு, ஆட்பெயரோடு. அந்த இதழ்கள் எஞ்சியதால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற தொகுதிகளை வெளியிட்டது. மறைந்தவர் எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பேசினார்.

அவர் மீண்டும் பேசத் தொடங்கியதும், நம்மைப் போன்ற அன்பர்களை மூன்று ஆசைகள் பற்றிக்கொள்கின்றன. மூன்றும் நல்லெண்ணத்தில் பிறப்பவை. மூன்றும் நஞ்சு.

முதல் ஆசை, வெற்றிடத்தை நிரப்புவது. வகுப்பறையில் நாம் செய்தது இதுவே. ஏட்டில் இல்லாததை எண்ணத்தால் இட்டு நிரப்பி, அதற்குப் பற்று என்று பெயர் சூட்டுகிறோம். “நன்மை விளைக்குமானால் பொய்யையும் வள்ளுவர் ஒப்புகிறாரே?” என்று வாதிடுவோர் உண்டு. ஒப்புகிறார், ஆனால், அந்த நன்மை குற்றமே இல்லாததாக இருக்க வேண்டும் என்று வேலியும் இட்டிருக்கிறார். வரலாற்றில் சொல்லும் பொய் அந்த வேலியைத் தாண்டாது. ஏனெனில், தொண்ணூற்றொன்பது உண்மைகளோடு ஒரு பொய்யைக் கலந்தால், மாற்றார் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்றொன்பதையும் குப்பையில் எறிவர். ஏற்கெனவே பெயர் மறுக்கப்பட்டவருக்கு, நம் பொய்யால் சாட்சியமும் மறுக்கப்படும்.

குறளைப் பற்றியே ஒரு செய்தி உண்டு. தம் பாட்டனார் கந்தப்பன், அரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணியாற்றியவர் என்றும், அவர் வழியாகத் திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். படித்ததும் நெஞ்சு விம்முகிறது. எவரைத் தீண்டத்தகாதவர் என்றார்களோ, அவர் வீட்டுப் பரணில் தமிழ்மறை! உடனே எழுதிவிடத் துடிக்கிறது கை. எழுதலாம், எப்படி எழுதுவது? 'அயோத்திதாசர் இவ்வாறு கூறுகிறார்' என்று எழுதுவதே முறை. குடும்பத்தின் வாய்மொழி என்பதால் அது இழிந்ததும் அன்று. அச்சேறியது என்பதால் அதுவே முடிந்த முடிபும் அன்று. சொன்னவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்டு, சொன்னவரின் பெயரோடு உரைப்பதே நேர்மை.

அச்சேறியதெல்லாம் உண்மை ஆகிவிடாது என்பதை ஆசிரியர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நம் நாட்டின் சென்ற தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் அத்தனை பேர்! அன்னையர் அந்த இரு மாதங்களில் மட்டும்தானா ஈன்றார்கள்? பள்ளி திறக்கும் மாதத்தில் வயது நிரம்ப வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் இட்ட நாள் அது. முத்திரை உண்டு, கையொப்பம் உண்டு. உண்மை மட்டும் இல்லை. சாமியார் சொன்னதை நம்பாதே என்கிறோம். சர்க்கார் தாள் சொன்னதையும் அப்படியே நம்பாதே என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆசை, மாசு மறைப்பது. அயோத்திதாசர் சாதியின் ஆணிவேரை அறுத்தவர். 'சாதிபேதமற்ற திராவிடர்' என்ற பெயரைத் தம் மக்களுக்குச் சூட்டியவர். ஆனால், அவர் எழுத்தில் அருந்ததியர், குறவர் முதலியோரைத் தம் மக்களினின்று வேறாக்கி, தாழ்த்திப் பேசும் இடங்களும் இருக்கின்றன. படிக்கும்போது கசக்கிறது. அந்தப் பக்கங்களை நழுவவிட்டால் என்ன என்று ஆசை எழுகிறது. நழுவவிட்டால், நாமும் ஆவணக் காப்பகத்தின் அதிகாரியாகிவிடுவோம். நமக்கு வேண்டாதவர்களின் துயரத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கியவர் ஆவோம். அந்த வரிகளால் புண்பட்டவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம், “இவர் பெரியவர், இந்த இடத்தில் தவறினார்” என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தவறாதவரே பெரியவர் என்றால், அதற்குத்தான் அவதாரங்கள் இருக்கின்றனவே! நமக்கு வேண்டியவர் மனிதர்.

மூன்றாவது ஆசை, நம்மவராக்கிக்கொள்வது. இதுதான் பகுத்தறிவாளராகிய நமக்கு மிக நெருங்கிய ஆசை. பண்டிதர் புரோகிதத்தைச் சாடினார், உடனே கைதட்டுகிறோம். ஆனால், அவர் நாத்திகர் அல்லர், பௌத்தர். புத்தரைப் பணிந்தார், பௌத்த வழியில் விழா எடுத்தார். பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தார், சுதேசியத்தை ஐயுற்றார். சொற்களுக்கு அவர் கண்ட வேர்களும், இந்நாட்டின் பழைய வரலாறாக அவர் வரைந்த சித்திரமும் அப்படியே ஏற்கத்தக்கனவா என்று இன்றைய ஆய்வாளர் கேள்வி எழுப்புகின்றனர். நமக்கு ஒத்த பாதியை மட்டும் நறுக்கி எடுத்தால், நாம் கண்டெடுத்தது அயோத்திதாசரை அல்ல. கண்ணாடியில் நம் முகத்தை! இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. மறுக்க முடியாதவர் வாயில் நம் சொல்லை இடுவது, அவரை இரண்டாம் முறை ஊமையாக்குவது ஆகாதா?

ஒருவர் கேட்கலாம்: “இவ்வளவு கண்டிப்பு எதற்கு? காப்பகங்கள் மேலோர் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று நீங்களே சொன்னீர்கள். ஏடு இருந்தால்தான் பேசலாம் என்றால், ஏடு மறுக்கப்பட்டவர்கள் என்றென்றும் ஊமைகள்தாமே?” நியாயமான கேள்வி. நமக்குத் தோன்றும் விடை இது. வெற்றிடத்தை நிரப்பக்கூடாது என்றோம், மறைக்கச் சொல்லவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டு. அதைச் சுற்றிக் கோடு கிழி. 'இங்கே ஒருவர் இருந்தார், அவர் பெயரை எழுத மறுத்தார்கள்' என்று உரக்கச் சொல். பொய்யால் மூடிய குழி, குழி வெட்டியவனைக் காப்பாற்றிவிடும். திறந்து கிடக்கும் குழிதான் அவன் மேல் குற்றம் சாட்டும். மௌனமும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைக் கலைக்கலாகாது.

அடுத்து, இனி ஏடு மறுக்கப்படாதிருக்க ஆவன செய்ய வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பழைய நூல், இதழ், துண்டறிக்கை என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் சேர்த்தவைதாம் சென்னையில் இன்று ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் சேர்க்கும்போது, இதையெல்லாம் எதற்கு என்று எத்தனை பேர் நகைத்திருப்பர்! நம் வீட்டுப் பரணிலே கிடக்கும் மாநாட்டுத் துண்டறிக்கை, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, தாத்தாவின் நிலப் பட்டா, பாட்டியின் வாயிலே இருக்கும் நடவுக் கதை இவற்றைப் பழைய தாள் வாங்குபவனிடம் எடைக்குப் போடுமுன் ஒரு கணம் நினையுங்கள். 'தமிழன்' இதழ்களை அப்படி எடைக்குப் போட்டிருந்தால்?

சிலை வைத்தோம், தபால்தலை வெளியிட்டோம், கடன் தீர்ந்தது என்று சிலர் கருதக்கூடும். பண்டிதருக்கு 2005இல் தபால்தலை வந்தது. 2023இல் கிண்டியில் மணிமண்டபம் எழுந்தது. நல்லவை, வரவேற்கிறோம். ஆனால், தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் சானடோரியம் என்ற நிலையத்தைக் கடக்கிறோமே, அந்தப் பெயர் எதனால் வந்தது? 1928இல் மருத்துவர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியதால் வந்தது. இல்லத்தின் பெயர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. தொடங்கியவரை, நாள்தோறும் அங்கே ஏறி இறங்குவோரில் எத்தனை பேர் அறிவர்? கல்லிலே பொறித்தாலும் மறக்க முடியும். வண்டி நின்று நின்று போனாலும் மறக்க முடியும். ஒரு மனிதரைப் படித்து, அவரோடு வாதிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால்தான் அது நினைவு. மற்றதெல்லாம் சடங்கு, சடங்கு நமக்குப் பகை.

வகுப்பறைக்குத் திரும்புவோம். மறுநாள் கரும்பலகையில் எழுதினோம்: 'சென்ற வாரம் ஆசிரியர் சொன்னது தவறு.' பிள்ளைகள் திகைத்தனர். ஆசிரியர் தவறுவார் என்பது பாடத்திட்டத்தில் இல்லை! தெரிந்ததைச் சொன்னோம். தெரியாததைக் கேட்டபோது தெரியாது என்றோம். பிறந்த ஊரைப் பற்றி நூல்கள் மாறுபடுகின்றன என்று இரண்டையும் எழுதிப் போட்டோம். ஆலமரம் நட்ட சிறுவன் முகம் வாடிற்று. பிறகு எழுந்து, “அப்படியானால் அந்த மரத்தை அடித்துவிடட்டுமா, ஐயா?” என்று கேட்டான்.

“அடி; ஆனால், கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோட்டால் அடி. நாம் தவறினோம் என்பதும் ஏட்டில் இருக்கட்டும்” என்றோம்.

அடித்தான். அடித்துவிட்டு, பக்கத்து ஓரத்தில் தானே ஒன்றை எழுதினான்: 'என் பாட்டியிடம் அவர் பாட்டனார் பெயரைக் கேட்க வேண்டும்.'

தோழர்களே! நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?